கடற்கரை ஓரம் குடியேற ஆசையா? பெசன்ட் நகர் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னை பெசன்ட் நகரில் வீடு பார்க்கலாமா, வேண்டாமா என்று கேட்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நானும் அந்தப் பக்கத்துக்காரி என்பதால்தான் என்னிடம் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் சேர்த்து இந்த இதழிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அம்மா, என் மகனும் மருமகளும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்க்கிறார்கள். பெசன்ட் நகரில் ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குச் சொல்கிற விலையில் தாம்பரம் தாண்டித் தனி வீடே வாங்கிவிடலாம். ஆனால் இரண்டு பேரும் வாங்கினால் அங்கேதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது? கடல் மட்டும்தானே?
— ஒரு தகப்பனார், சேலம்

பதில்: கடல் மட்டும்தான் காரணம் என்றால் எண்ணூரில் வாங்கலாம், காசிமேட்டில் வாங்கலாம். அங்கேயும் அதே வங்கக்கடல்தான். பிள்ளைகளிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள், அவர்களுக்குப் பிடித்துப்போனது அங்கே எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம் என்பதாகத்தான் இருக்கும். வீட்டை விட்டு இறங்கினால் கீரை, பால், மருந்துக்கடை, டிபன் கடை, பாட்டு வகுப்பு, கோயில், சர்ச், பஸ் நிலையம், கடைசியாக மணல், எல்லாமே கால் வலிக்காத தூரத்தில். சென்னையில் இன்றைக்கு வண்டியை எடுக்காமல் ஒரு நாளை ஓட்டிவிட முடிகிற பேட்டைகளை விரல் விட்டு எண்ணலாம்.

இது எப்படி அமைந்தது என்று தெரிந்துகொண்டால் விலையின் காரணமும் புரியும். 1960-70களில் வீட்டு வசதி வாரியம் மனைகளாகவும் அடுக்கு வீடுகளாகவும் பிரித்துக் கொடுத்த பகுதி இது. நடுத்தர வருமானக்காரர்களும் அரசு ஊழியர்களும் குடியேறின இடம். பணக்காரப் பகுதி என்ற பெயர் பின்னால் வந்ததுதான். நேர்நேரான தெருக்கள், குறுக்குத் தெருக்கள், ஓரத்தில் மரங்கள் எல்லாம் அன்றைக்குப் போட்ட திட்டம்.

அப்புறம் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே 1882-ல் அடையாறுக்கு வந்த பிரம்மஞான சபையின் தோப்பு, 250 ஏக்கருக்கு மேல். அதற்கும் அப்பால் அடையாற்றின் முகத்துவாரம். கிழக்கே கடல். தெற்கே திருவான்மியூர் எல்லையில் கலாக்ஷேத்ரா, 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கியது. அதுவும் மரங்கள் சூழ்ந்த வளாகம். இதன் பலன் என்னவென்றால், பெசன்ட் நகர் வழியாக வேறு எங்கேயும் போக முடியாது. 23சி, 29சி பஸ்கள் இங்கே வந்து நின்றுவிடும், ஊடுருவிப் போகாது. தெற்கே போகிற லாரியும் காரும் அடையாற்றிலிருந்து திருவான்மியூர் போகிற எல்.பி. ரோட்டோடு திரும்பிவிடும். அந்த அமைதிக்கு முதல் காரணம் இந்த முட்டுச்சந்து அமைப்புதான். முகத்துவாரத்தில் இருக்கிற உடைந்த பாலத்தைப் பலபேர் படம் எடுக்கப் போகிறார்கள். 1967-ல் கட்டி, 1977 வெள்ளத்தில் போனது. அது மட்டும் நின்று, அகலமாகி, பட்டினப்பாக்கத்திலிருந்து நேராக வண்டிகள் வர ஆரம்பித்திருந்தால் இன்றைக்கு நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் காலையிலேயே தரை கொதிக்கத் தொடங்கும், மேலே எழும்புகிற சூடான காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பதினொன்றரை, பன்னிரண்டு மணிவாக்கில் இங்கே ஜன்னல் திரை திடீரென்று உள்பக்கமாக உப்பும், துணிக்கொடியில் போட்டதெல்லாம் மேற்கே சாயும், வியர்வை அடங்கும். நகரத்துக்குள் அந்தக் காற்று நகர்ந்து போய்ச் சேர நேரம் பிடிக்கும், போகப் போக வேகமும் குறையும். மேற்கிலிருந்து கச்சான் பலமாக வீசுகிற நாட்களில் கடல்காற்று மூன்று மணி வரை தாமதிக்கும், அன்றைக்கு எங்களுக்கும் 40 டிகிரிதான். ஆனாலும் முதலில் ஆறுவது கரையோரம்தான்.

ஐயா, ஒன்றைக் கவனித்தீர்களா? தோப்பு, முகத்துவாரம், மணல், காற்று, நடக்கிற தெரு என்று நான் சொன்னதில் எதுவுமே கிரயப் பத்திரத்தில் வராது. பத்திரத்தில் வருவது சதுர அடியும் பிரிபடாத பாகமும், அதாவது மொத்த மனையில் உங்கள் நிலப் பங்கும். கொடுக்கிற விலையில் பெரும்பகுதி பத்திரத்தில் இல்லாத இவற்றுக்காகத்தான். ஆகவே மகனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே நடக்கிற பழக்கம் இருக்கிறதா? இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பி, சனி ஞாயிறு முழுக்கத் தூங்குகிற வாழ்க்கையா? பின்னதுதான் என்றால் தாம்பரம் வீட்டையே வாங்கச் சொல்லுங்கள், நிறைய இடமாவது கிடைக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டோம். கடற்கரைச் சாலையில் கடல் தெரிகிற ஃபிளாட் ஒன்றும், உள்ளே இரண்டு தெரு தள்ளி ஒன்றும் கைவசம் வந்திருக்கின்றன. முதலாவது விலை கூடுதல். எதை எடுக்கலாம்?
— வாசகி, மதுரை

பதில்: உள்ளே இருப்பதை எடுங்கள் அம்மா. யோசிக்கவே வேண்டாம்.

கடல் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அலை உடையும்போது தெறிக்கிற நுண்ணிய உப்புத்துளி காற்றோடு வந்து வீட்டில் எல்லாவற்றின்மேலும் உட்காரும். முதல் வரிசை வீடுகளில் ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பின்பக்கத் தகடுகள் வெள்ளை பூத்து, தொட்டால் தவிடு மாதிரி உதிரும். ஜன்னல் கிரில், கதவுக் கீல், ஷவர் குழாய், மிக்ஸியின் அடித்தட்டு என்று இரும்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் துரு. இரண்டு தெரு தள்ளினால் முன் வரிசைக் கட்டடங்களும் மரங்களும் கணிசமாகத் தடுத்துவிடும், காற்று மட்டும் வந்து சேரும்.

இதெல்லாம் மாற்றக்கூடிய சாமான். மாற்ற முடியாதது கட்டடத்துக்குள் இருக்கிற கம்பி. உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வீடு பார்க்கப் போகும்போது ஹாலையும் சமையல் மேடையையும் பிறகு பார்க்கலாம், முதலில் கீழே நின்று சன்ஷேடுகளின் அடிப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடுகிற கோட்டிலேயே நீளமாக விரிசல் விட்டிருந்தால், பழுப்புக் கறை வழிந்திருந்தால், புதிதாகச் சிமெண்டு பூசின திட்டுகள் இருந்தால் கேள்வி கேளுங்கள். துருவைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, கம்பிக்குப் பூச்சு அடித்து, பழுதுபார்க்கும் தனிக் கலவை போட்டார்களா, அல்லது வெறும் சிமெண்டைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தார்களா? இரண்டாவது என்றால் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது.

புதுக் கட்டடம் என்றால் கான்கிரீட்டின் தரத்தையும் கம்பிக்கு மேல் எவ்வளவு கனம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடல்காற்றுக்கு நேராக நிற்கிற கட்டடத்துக்கு எம்30 தரமும் 45 மில்லிமீட்டர் கனமும் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. இதைக் கேட்டதும் விற்பனைப் பையன் முழித்தால், பொறியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பப் போகிறேன். முப்பது வருஷப் பழைய அடுக்ககம் ஒன்றில் ஃபிளாட் வருகிறது. "இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம், நல்ல லாபம்" என்கிறார் தரகர். நம்பலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: லாபக் கணக்கைத் தரகர் வாயால் கேட்காதீர்கள், நான்கு காகிதத்தில் பாருங்கள். முதலாவது, உங்களுக்கு எழுதித் தரப்போகிற பிரிபடாத பாகம் எவ்வளவு. பழைய அடுக்ககங்களில் வீடுகள் குறைவு என்பதால் ஒவ்வொருவருக்கும் நிலப் பங்கு நன்றாக இருக்கும். பழைய ஃபிளாட்டின் மதிப்பே அதில்தான். இரண்டாவது, மற்ற உரிமையாளர்களின் சம்மதம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் நின்றுவிடும். ஆனாலும் பேச்சளவில் சரி என்பவர்கள் வேறு, கையெழுத்துப் போட்டவர்கள் வேறு, சங்கத் தீர்மானத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மூன்றாவதைத்தான் பலபேர் மறந்துவிடுகிறார்கள்: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், சி.ஆர்.இசட். 1991-ல் முதல் அறிவிக்கை வந்தது, பிறகு 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் நீர் வந்து தொடுகிற கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை பொதுவாக அதன் பிடிக்குள் வரும். ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதியில் இருக்கிற சாலைக்கு நிலப்பக்கமாகத்தான் கட்டலாம், கடல் பக்கமாகப் புதிதாக முளைக்க முடியாது. அந்த எல்லைக்குள் உங்கள் மனை வந்தால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதிக்கு மேல் இந்த அனுமதியும் வேண்டும், அதற்கான காலத்தையும் கணக்கில் சேருங்கள். எத்தனை மாடி வரும் என்று தரகர் அளந்துவிடுவது இங்கேதான் அடிபடும்.

நான்காவது வழக்கமான வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரங்களும். வாரியத்து மனை என்றால் வாரியம் ஒதுக்கியவருக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று பாருங்கள். குடியுரிமை எந்த நாடாக இருந்தாலும், வெளிநாடு வாழ் இந்தியராகவோ ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவராகவோ இருந்தால் குடியிருப்பு வாங்கத் தடையில்லை, விவசாய நிலத்துக்குத்தான் தடை.

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தானே வரும்? லாரித் தண்ணீரை நம்பியா வாழ்வது?
— இல்லத்தரசி, திருச்சி

பதில்: இந்தப் பகுதியை அறியாதவர்களுக்கு வருகிற நியாயமான சந்தேகம். உண்மையில் கரையோர மணல் திட்டு நல்ல தண்ணீர்த் தொட்டி. மழை நீர் மணலில் சர்ரென்று இறங்கி, அடியில் இருக்கிற உப்புநீருக்கு மேலே மிதக்கும், நல்ல நீர் எடை குறைவு என்பதால். நல்ல நீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால் அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் போட்டு உறிஞ்சி ஒரு அடி இறக்கினால் அடியிலிருந்து உப்பு நாற்பது அடி மேலே ஏறிவரும். அதனால் இங்கே ஆழ்துளைக் கிணறு ஆபத்து, ஆழமில்லாத திறந்த கிணறுதான் நல்லது. 2003-ல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அதனால் சீக்கிரம் பயன் கண்டது இந்த மாதிரி மணல் பகுதிகள்தான்.

வீடு பார்க்கும்போது கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். மே மாதத்துத் தண்ணீரைக் கொடுங்கள், டிசம்பர் தண்ணீர் எல்லா வீட்டிலும் இனிக்கும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உத்தமம், 2000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. மொட்டை மாடியிலிருந்து வருகிற குழாய் எங்கே போய் விழுகிறது என்றும் பாருங்கள். தெருக் கால்வாயில் விழுந்தால் அந்தச் சங்கத்தில் யாருக்கும் தண்ணீர் பற்றி அக்கறை இல்லை என்று அர்த்தம்.

கேள்வி: என் தங்கை பெசன்ட் நகரில் வீடு வாங்கப் போகிறாள். 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் நாங்கள். எனக்கு இதற்கு மனசு வரவில்லை. பயப்படுவது தவறா?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தவறே இல்லை அம்மா. தமிழ்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது உங்கள் மாவட்டம். உங்கள் பயத்தை யாரும் லேசாகப் பேசக்கூடாது. டிசம்பர் 26 காலையில் சென்னைக் கரையிலும் முதலில் அடிபட்டவர்கள் மணலிலேயே குடியிருந்த மீனவக் குடும்பங்களும், நடக்கவும் விளையாடவும் வந்திருந்தவர்களும்தான்.

தங்கைக்கு இதைச் சொல்லுங்கள். அன்றைக்கு எச்சரிக்கை என்று ஒன்று இல்லவே இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, கடலடியில் பெரிய நிலநடுக்கம் என்றால் சில நிமிடங்களில் தெரியும். சுமத்ரா பக்கத்திலிருந்து அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாலையைத் தாண்டி உள்ளே, முதல் மாடியோ அதற்கு மேலோ என்று எடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். அடிக்கடி வந்து வாட்டுவது புயல்தான். 2016 டிசம்பர் 12 வர்தா அன்று இங்கே மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன, மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. லிஃப்டை மட்டுமே நம்பி வயதானவர்களை ஐந்தாவது மாடியில் குடிவைக்க வேண்டாம், ஜெனரேட்டர் இருக்கிறதா, அது தரை மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மழை வெள்ளத்தைப் பொறுத்தவரை மணல் பூமி தண்ணீரைக் குடித்துவிடும். 2015-ல் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இங்கே தப்பித்தோம். இவ்வளவும் கேட்ட பிறகும் உங்களுக்கு மனசு வரவில்லை என்றால் தங்கையிடம் அதையும் சொல்லிவிடுங்கள். அவள் முடிவெடுக்க வேண்டியதில் உங்கள் நிம்மதியும் ஒரு பங்கு.

கேள்வி: நான் பெசன்ட் நகர்வாசி. இவ்வளவு விலை உயர்ந்த பகுதியில் கடற்கரையை ஒட்டிக் குப்பங்கள் இருப்பதால்தான் நாற்றமும் குப்பையும். அவர்களுக்கு வேறு இடத்தில் நல்ல வீடு கொடுத்துவிட்டு, கரையை அழகுபடுத்திப் பூங்காவும் நடைமேடையும் போட்டால் சிங்கப்பூர் மாதிரி ஆகிவிடாதா? இதைச் சொன்னால் ஏன் கோபப்படுகிறார்கள்?
— ஒரு குடியிருப்போர் சங்க உறுப்பினர், சென்னை

பதில்: எனக்கும் கோபம் வருகிறது ஐயா. ஆனால் நீங்கள் வெளிப்படையாகக் கேட்டதால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன்.

ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் ஓடைக்குப்பமும் நம் மனைப்பிரிவுக்கு முந்தியவை. நாம்தான் அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் குடிவந்தவர்கள். விடியற்காலையில் ஒரு நாள் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். ஃபைபர் படகு கரையேறும், வலையை உதறி நண்டைக் கால் ஒடியாமல் பிரித்தெடுப்பார்கள், சாலையோரத்தில் பெண்கள் சங்கராவும் நெத்திலியும் கானாங்கத்தையும் குவித்து உட்கார்ந்திருப்பார்கள், ஃபிளாட்டிலிருந்து நடைக்கு வந்தவர் அங்கேயே வாங்கிக்கொண்டு போவார். வெட்டி, செதில் எடுத்து, கழுவித் தருகிற அம்மாவுக்கு எந்த வீட்டில் குழம்பு மீன், எந்த வீட்டில் வறுவல் மீன் என்று தெரியும். காற்று கொண்டலா வாடையா, இன்றைக்குக் கடல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் படகு தள்ளுகிறவரிடம் கேட்டால் சொல்வார். இதுவும் சேர்ந்துதான் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பெசன்ட் நகர்.

நாற்றம் என்கிறீர்கள். முகத்துவாரத்துப் பக்கம் நாற்றம் வருவது உண்மை. அடையாற்றில் வழி நெடுக விடப்படுகிற கழிவுநீர் அங்கே வந்து தேங்குகிறது. அது மாடி வீடுகளிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் வருவது. அந்த நீரால் மீன்பாடு கெட்டு முதலில் நஷ்டப்படுகிறவர்களும் குப்பத்தார்தான். ஞாயிறு இரவு மணலில் கிடக்கிற காகிதத் தட்டும் பிளாஸ்டிக் கோப்பையும் யார் போட்டவை என்று திங்கள் காலையில் நீங்களே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையை ஒட்டி உயர்மட்டச் சாலை போடுகிற திட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? வந்திருந்தால் உங்கள் வீட்டு ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவே தூண்களும் லாரிச் சத்தமும்தான். முன்னால் நின்று எதிர்த்தவர்கள் மீனவக் கிராமத்தார். படகு நிறுத்த, வலை காய வைக்க, மீன் உலர்த்த அவர்களுக்கு வெறும் மணல் வேண்டும். அந்த மணல் வெறுமையாக இருப்பதால்தான் நமக்கு நடக்க இடம் இருக்கிறது. அவர்களை அனுப்பிவிட்டால் அந்த இடம் பூங்காவாக நிற்கும் என்று நினைக்கிறீர்களா? காவல் இல்லாத கரைக்கு முதலில் வருவது கான்கிரீட். கரையில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் கட்டியதும் தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் தடைபட்டது, மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு அப்பால் வடக்கே கரை தெருத்தெருவாகக் கடலுக்குள் போனது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரத்துக்காரர்கள் மொட்டை மாடியில் தவித்தபோது படகைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சென்னைக் கரை மீனவர்கள். அதே 2015-ல்தான் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலானோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தினார்கள், கச்சேரியும் பரதமும் பறையும் ஒரே மேடையில். நீங்கள் போகவில்லை என்றால் அந்தப் பக்கம் போக அது ஒன்றுதான் சந்தர்ப்பம் என்றில்லை. சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை "அழகுபடுத்தல்" என்று தலைப்பு வந்தால், குப்பத்துப் பஞ்சாயத்தார் இருவரை அழைத்து உட்கார வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். தெரு விளக்கு, கழிவுநீர்க் குழாய், குப்பை வண்டி ஆகிய மூன்றும் அவர்களும் பல காலமாகக் கேட்பவைதான்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. வாங்குகிற வசதி இல்லை. சம்பளத்தில் பாதி போனாலும் பரவாயில்லை, வாடகைக்காவது அங்கே இருக்க ஆசை. முட்டாள்தனமா?
— கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கை

பதில்: முட்டாள்தனம் இல்லைம்மா. ஆனால் பாதிச் சம்பளம் வேண்டாம், இரண்டு தோழிகளோடு சேர்ந்து எடு. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, பழைய வாரியக் கட்டடம், கலாக்ஷேத்ரா காலனி எல்லைப் பக்கம், சாஸ்திரி நகர் பக்கம் என்று தேடினால் வாடகை கொஞ்சம் இறங்கும். உணவகங்கள் இருக்கிற தெருவில் எடுக்காதே. இரவு பதினொன்றரைக்கும் வண்டி எடுக்கிற சத்தம் ஓயாது, வாசலில் யாராவது காரை நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் சனிக்கிழமை இரவு ஒரு முறை அந்தத் தெருவில் போய் நின்று பார். ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா, காவி உடுத்தி நடந்தே வருகிற கூட்டத்தில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் அலுவலகத்துக்குச் சீக்கிரமே கிளம்ப வேண்டியிருக்கும். எனக்கு அந்தப் பதினொரு நாளும் பிடிக்கும்.

வாங்க நினைக்கிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான், ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். வீடு வாங்குவதெல்லாம் எங்கள் பேச்சிலேயே இல்லை. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்து வரலாம் என்றிருக்கிறேன். அந்த மாதிரி இடத்துக்கு எங்களைப் போன்றவர்கள் வந்தால் ஏதாவது சொல்வார்களா? என்னென்ன காட்டலாம்?
— ஆசிரியர், வேலூர்

பதில்: யாரும் எதுவும் சொல்ல முடியாது சார். கடற்கரை பொது இடம். பக்கத்தில் கோடி ரூபாய் வீடு வைத்திருப்பவருக்கு அந்த மணலில் இருக்கிற அதே உரிமை உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இருக்கிறது. தாராளமாக வாருங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வந்தால் விசேஷம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகிற காலம். ஒரு ஆமை சுமார் நூறு முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விடும். 45 நாளுக்கு மேல் கழித்துக் குஞ்சு வெளியே வரும், எங்கே வெளிச்சமோ அங்கே ஓடும். கடல்தான் இருட்டில் வெளிச்சமாக இருந்த காலத்து வழக்கம் அது. இன்றைக்குச் சாலை விளக்கைப் பார்த்து ஓடிச் சக்கரத்தில் மாட்டும். அதனால் 1988 முதல் மாணவர்கள் நடத்துகிற ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்திக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் இந்தக் கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின, இழுவை வலையில் மூச்சு முட்டிச் செத்தவை. ஏன் அப்படி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கும், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பரில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமி. அதைக் காட்டிவிட்டு, அங்கேயே வைத்துக் கடலில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் கீழே இழுக்கும், நீச்சல் தெரிந்த பெரிய பையன்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கணுக்கால் நனைவதோடு சரி.

காலையில் ஆறு மணிக்கே வந்துவிட்டால் படகு வருவதைப் பார்க்கலாம், அஷ்டலட்சுமி கோயிலும் மாதா கோயிலும் நடக்கிற தூரம்தான். பதினொரு மணிக்கு மேல் மணல் சுடும், பிள்ளைகள் செருப்பைக் கழற்ற வேண்டாம். கழிப்பறைக்கு எங்கே போவது என்று வந்ததுமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே வாருங்கள், கடற்கரைச் சாலைக் கடைகளின் விலை ஐம்பது பிள்ளைகளுக்குத் தாங்காது. சுண்டலும் மாங்காய்ப் பத்தையும் மட்டும் மணலில் விற்பவரிடம் வாங்கிக் கொடுங்கள்.